கோணியோடு சேர்த்து

மாஹிராவுக்குப் பாலங்கள் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. செஞ்சியில் பிறந்தவர்கள் பாலத்தை நம்பாமலேயே காலத்தை ஓட்டிவிடலாம். சுற்றிலும் இருப்பது பாறை, பாறை யாருடைய நம்பிக்கையையும் கேட்பதில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மலை இரண்டாகப் பிளந்திருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு பாலம் உண்டு. மற்ற பிள்ளைகள் அதன் மேல் குதித்துக்கொண்டு போனார்கள். மாஹிரா நட்ட நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. இது எவ்வளவு தாங்கும் என்று மட்டும் கேட்டாள். கூட வந்த ஆசிரியைக்குத் தெரியவில்லை. அங்கே நின்ற காவலாளிக்கும் தெரியவில்லை. தினமும் நூறு பேர் போகிறார்களே என்றார் காவலாளி. நூறு பேரும் சேர்ந்தா போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து மறுபக்கம் போனாள். உட்கார்ந்தபடியே திரும்பியும் வந்தாள். அன்றைக்கு யூனிபார்முக்கு நேர்ந்த கதியைப் பற்றி அவளுடைய அம்மா கமர் ஜஹான் இன்னும் பேசுகிறார்.

ஆகவே இரண்டு வருடம் கழித்து, ஏழாம் வகுப்பில், பாலம் கட்டும் போட்டிக்கு யார் பெயர் கொடுக்கிறீர்கள் என்று அறிவியல் ஆசிரியை அன்புக்கரசி கேட்டபோது முதலில் எழுந்தது மாஹிராதான். பாலத்தை நம்புகிறவர்கள் அதைக் கட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

போட்டி ஒன்றிய அளவிலானது. நூற்றைம்பது ஐஸ் குச்சி, பசை, இவற்றைத் தவிர வேறு எதுவும் கூடாது. நாற்பது சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்ட வேண்டும். அதிக எடை தாங்கும் பாலம் விழுப்புரத்துக்குப் போகும், மாவட்டப் போட்டிக்கு. மற்றவர்களுக்கு ஆறுதல் பரிசு. மாஹிராவின் கவலை இந்தக் கடைசி வரியில்தான் இருந்தது. பேச்சு, ஓவியம், கோலம், வினாடி வினா, தேக்கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவது என்று ஐந்து போட்டிகளில் ஐந்து ஆறுதல் பரிசு வாங்கியிருந்தாள். ஐந்தும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ், மூடியில் 'பங்கேற்பாளர்' என்று எழுதியிருக்கும். சமையலறை அலமாரியில் ஒன்றில் பூண்டு, ஒன்றில் புளி, ஒன்றில் ரேஷன் கார்டு. இன்னொன்று வந்தால் வைக்க இடமில்லை என்று கமர் ஜஹான் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மகளை மட்டம் தட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அலமாரி உண்மையிலேயே சின்னது. அதுதான் அதிகம் வலித்தது. இந்தமுறை விழுப்புரம் போயே தீருவது என்று மாஹிரா முடிவு கட்டினாள்.

முதல் பாலம் மாவுப் பாத்திரத்தில் முடிந்தது. இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பாலத்தை வைத்து, கைக்குக் கிடைத்த கனமான பொருளை அதன் மேல் வைத்தாள். அது மறுநாள் இட்லிக்குப் பொங்கிக்கொண்டிருந்த மாவு. அன்றிரவு அந்த வீட்டில் எல்லோரும் உப்புமா சாப்பிட்டார்கள். இரண்டாவது பாலம் இருபது லிட்டர் தண்ணீர் கேனைப் பாதி நிமிடம் தாங்கியது. அந்தப் பாதி நிமிடத்தில் மாஹிரா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டாள், விழும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். மூன்றாவது பாலத்தில் ஒரு விஷயம் கண்டுபிடித்தாள்: குச்சிகள் உடைவதே இல்லை, ஒட்டுதான் விடுகிறது. அதன்பிறகு குச்சிகளைவிட ஒட்டுகளைப் பற்றியே யோசித்தாள். ஒவ்வொரு ஒட்டின் மேலும் துணிக்கிளிப் போட்டு ஒரு பகல் முழுக்க இறுக்கி வைத்தாள். துவைத்த துணிகள் எல்லாம் கிளிப் இல்லாமல் காற்றில் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்வந்தன.

நான்காவது பாலம் அரிசி டிரம்மைத் தாங்கியது. காலி சிலிண்டரைத் தாங்கியது. டிரம்மின் மேல் சிலிண்டரையும் தாங்கியது. வீட்டில் அதற்கு மேல் கனமான பொருள் இல்லை என்று ஆனபோது மாஹிரா தன் அம்மாவைப் பார்த்தாள்.

"நான் இன்னா மூட்டையா?" என்றார் கமர் ஜஹான்.

சொன்னவர் கொஞ்சநேரம் அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, அதன் மேல் போட்டிருந்த பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்தார். இன்னொரு காலையும் எடுத்தார். பாலம் அசையவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தில், அடுப்பிலிருந்த டீயை வடித்துக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து குடித்தார்.

இதில் ஒரு சிக்கல். கமர் ஜஹானின் எடை அந்த வீட்டில் அரசாங்க ரகசியம். கணவர் நசுருதீனுக்கு மட்டும் அது தெரியும். அவர் நெல் மண்டியில் எடை போடுபவர், எதையும் பார்த்தவுடனே கிலோ சொல்லக்கூடியவர். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு எடையைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததில்லை. எனவே மாஹிராவின் நோட்டில், மாவு, தண்ணீர், அரிசி என்று கிலோ கிராமோடு வந்த பட்டியலின் கடைசியில், 'அம்மா: தாங்கியது' என்று மட்டும் இருந்தது.

நசுருதீன் பாலம் கட்டுவதில் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. பத்தொன்பது வருடமாகத் தராசோடு வாழ்கிறவருக்குத் தாங்குவது, தாங்காதது எல்லாம் மற்றவர்கள் பாடு. தன் வேலை எவ்வளவு என்று சொல்வது. மண்டியில் அவர் சொன்ன எடையை மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னவர்கள் உண்டு. மறுபடி போட்டதில் ஐம்பது கிராம் மாறியதைக் கண்டவர்கள் இல்லை. போட்டிக்கு முதல்நாள் மகள் நான்காவதைப் போலவே புதிதாக ஐந்தாவது பாலத்தைக் கட்டி முடித்தபோது, "எவ்ளோவுல ஒடைஞ்சிதுன்னு வந்து சொல்லு" என்றார். மாஹிராவுக்குக் கோபம் வந்தது. உடையாது என்றாள்.

இந்த 'உடையாது' மறுநாள் அவளுக்கே எதிராகத் திரும்பியது.

அவளுடைய பள்ளிக்கூடத்திலேயே நடந்த போட்டிக்கு நடுவராக வந்தவர் ராஜாங்கம். திண்டிவனம் தாண்டி ஏதோ ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர், சொந்த ஊர் அனந்தபுரம். அவர் கையில் ஒரு படிவம் இருந்தது. பெயர், வகுப்பு, பாலத்தின் எடை, அதற்குப் பக்கத்தில் 'உடைந்த எடை'. பாலத்தின் மேல் பலகை வைத்து ஒவ்வொரு எடையாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும், எந்த எடையில் பாலம் உடைகிறதோ அதுதான் மதிப்பெண் என்று அவர் விளக்கினார். மாஹிரா கையைத் தூக்கினாள்.

"ஒடையலன்னா சார்?"

"ஒடையும்மா."

"ஒடையலன்னா?"

ராஜாங்கம் படிவத்தைப் பார்த்தார். அதில் அதற்கு இடம் இல்லை. உடையாத பாலத்துக்குக் கோடுதான் போட முடியும், கோடு போட்டால் மதிப்பெண் இல்லை என்றார். அவர் கெட்டவர் அல்ல. படிவத்தை மதிக்கிறவர், அவ்வளவுதான். ஐந்து வாரமாக உடையவே கூடாது என்று கட்டிய பாலம் மத்தியானத்துக்குள் உடைந்தாக வேண்டும் என்பது மாஹிராவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்காமல் விக்கலாக மாறியது.

மொத்தம் இருபத்து மூன்று பாலங்கள். மாஹிராவுடையது இருபத்து மூன்றாவது. பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து ஐந்து கிலோ எடைக்கற்கள் இருபதை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். முதல் பாலம் முதல் கல்லிலேயே சரணடைந்தது. ஒரு பாலத்தில் தெருவிளக்கெல்லாம் வைத்திருந்தார்கள். பத்துக் கிலோவில் பாலம் விழுந்த பிறகும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, அதற்குத்தான் அன்றைக்கு அதிகக் கைத்தட்டல். எட்டாம் வகுப்பு குருவின் பாலம் மட்டும் கற்களை வாங்கிக்கொண்டே போனது. பதினெட்டாவது கல்வரை சத்தமே இல்லை. பத்தொன்பதாவதில் படீரென்று போனது. தொண்ணூற்றைந்து கிலோ. குரு அதிகம் பேசாத பையன்; கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பாலம் எங்கே உடைந்தது என்று குனிந்து பார்த்தான்.

மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் எடைக்கற்கள் இல்லை. இரும்புக் கடைக்காரர் வந்து, சாயங்கால வியாபாரத்துக்கு வேண்டும் என்று இருபதையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். காலையில் வரும்போதே சொல்லித்தான் கொடுத்தாராம். அவர் மேல் குற்றமில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு பாலம். ராஜாங்கம் பேனாவை எடுத்தார். கோடு போடப் போகிறார் என்று மாஹிராவுக்குத் தெரிந்தது. அன்புக்கரசி டீச்சரின் போனை வாங்கி அப்பாவை அழைத்தாள்.

"அத்தா, நூறு கிலோ வேணும்."

"நூறு கிலோ இன்னாது?"

"எதுனா. கனமா இருந்தா போதும்."

நசுருதீன் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. எடை வேண்டும் என்று யார் கேட்டாலும் அது அவருக்கு நியாயமான கோரிக்கை. நாற்பது நிமிடத்தில் ஒரு குட்டியானை வண்டி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. அதில் மண்டியின் மேடைத் தராசு, ஒன்றரை மூட்டை நெல்லைப் பிரித்துக் கட்டிய பன்னிரண்டு கோணிகள், அவற்றின் மேல் உட்கார்ந்தபடி சுமை தூக்கும் வீராசாமியும் ராஜாராமும். எண்பது கிலோ பிடிக்கும் தடித்த பழைய சணல் கோணிகளில் அடியில் மட்டும் நெல். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் மாதிரி இருந்தன.

நசுருதீன் ஒவ்வொரு கோணியையும் எல்லோர் முன்பாகவும் தராசில் வைத்தார். தராசு பதினொன்று காட்டியது. "பத்து" என்று சொல்லி, கோணியின் மேல் சாக்கட்டியால் பத்து என்று எழுதினார். அடுத்ததும் பதினொன்று. அதுவும் பத்து. மூட்டைக்கு ஒரு கிலோ, கோணிக்காகக் கழிப்பது மண்டி வழக்கம். நெல்லுக்குத்தானே விலை. அவர் கழிக்கிறோம் என்று நினைத்துக்கூடக் கழித்திருக்க மாட்டார், கை பழகியிருந்தது. வேறு ஊராக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். இங்கே வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் நெல், மீதிப் பேர் வீட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை. ராஜாங்கமே அனந்தபுரத்தில் அறுவடை முடிந்து மூட்டை ஏற்றிப் பார்த்தவர்தான். தராசில் பதினொன்றைப் பார்த்து, காதில் பத்தைக் கேட்டு, படிவத்தின் ஓரத்தில் பத்து என்று எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது.

எடையை அதிராமல் வைக்க வேண்டும் என்று ராஜாங்கம் சொன்னார். எண்பது கிலோவை ஒரே வீச்சில் லாரிக்குள் எறிகிற வீராசாமிக்கு, பத்துக் கிலோவை மெதுவாக வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பலகையின் மேல் முதல் கோணியை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"லாபம்" என்றார் நசுருதீன்.

ராஜாங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுங்க சார். எடுத்தவொடனே ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம்."

அதன்பிறகு இரண்டு, மூன்று என்று ஒழுங்காகவே போனது. மூட்டைகளை அட்டி போடுவது வீராசாமிக்கும் ராஜாராமுக்கும் ரத்தத்தில் ஊறியது. ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அந்தச் சின்னப் பாலத்தின் மேல் மாஹிராவைவிட உயரமாக ஒரு நெல் கோபுரம் எழுப்பினார்கள். ஆறில் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். ஏழில் எங்கோ கிர்ரென்று ஒரு சத்தம். மாஹிரா கண்ணை மூடினாள். உடைய வேண்டும், இல்லாவிட்டால் கோடு. உடையக் கூடாது, இன்னும் தொண்ணூற்றைந்து வரவில்லை. ஒரே மூச்சில் இரண்டையும் வேண்டிக்கொண்டு நின்றாள். விக்கல் மறுபடி வந்துவிட்டது. எட்டு. பாலம் லேசாக முனகிவிட்டு அடங்கியது. இன்னும் இரண்டே கோணி, அப்புறம் உடைந்தால் போதும். ஒன்பதாவதை வீராசாமி மேலே வைத்துக் கையை எடுத்தார். எடுத்த கை கீழே வருவதற்குள் எல்லாம் முடிந்தது. கோபுரம் சரிந்து ஒரு கோணி பிரிந்து, நெல் ராஜாங்கத்தின் செருப்புவரை வந்தது.

தொண்ணூறு என்று ராஜாங்கம் சொன்னார். ஐந்து கிலோவில் போய்விட்டது என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். பரிசு மேஜையின் கீழே டிபன் பாக்ஸ் பெட்டியை யாரோ பிரிக்கும் சத்தம் கேட்டது. பேனா படிவத்தைத் தொடப் போனது.

மாஹிரா தரையில் கிடந்த கோணிகளைப் பார்த்தாள். பிரிந்துபோன கோணி வெறும் சாக்காகக் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தாள். கனமாகத்தான் இருந்தது.

"அத்தா, இத ஏன் கழிச்சீங்க?"

"எத?"

"கோணிய."

நசுருதீனுக்குக் கேள்வியே புரியவில்லை. கழிக்காமல் எப்படி? கோணிக்கு எவனாவது விலை கொடுப்பானா என்று கேட்டார். கூட்டத்தில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள்.

"பாலம் ஒண்ணும் நெல்லு வாங்கலயே அத்தா. தூக்குச்சி. கோணியோட சேத்துத்தான தூக்குச்சி."

ராஜாங்கம் பேனாவை மூடினார். இயற்பியல்படி பெண் சொல்வது சரிதான் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஆனால் நசுருதீன் அசையவில்லை. தன் மகள் பாலத்துக்காகத் தானே எடையைக் கூட்டிச் சொன்னான் என்று நாளைக்கு மண்டியில் பேச்சு வந்தால், அதன்பிறகு தராசைத் தொட முடியுமா? சொன்னது பத்து, எழுதினது பத்து, பத்தொன்பது வருடத்தில் சொன்னதை மாற்றியதில்லை என்றார். மாஹிரா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். விக்கல் எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியாது.

நெல்லை வாரிக்கொண்டிருந்த வீராசாமி நிமிர்ந்தார்.

"பாய், நீ கழிக்கிற. மண்டி செட்டியாரு கழிக்கிறாரு. முதுவு கழிக்க மாட்டேங்குதே பாய்."

ராஜாராம் சிரித்துவிட்டார். நசுருதீன் வீராசாமியைப் பார்த்தார், அவருடைய முதுகைப் பார்த்தார், உடைந்து கிடந்த பாலத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் இந்தக் கோணத்திலிருந்து கோணியை அவர் யோசித்ததே இல்லை. விற்கிறவன் இருக்கிறான், வாங்குகிறவன் இருக்கிறான். நடுவில் தூக்குகிறவனும் இருந்திருக்கிறான். அதற்காக உடனே ஒப்புக்கொண்டுவிடவும் இல்லை. "வாயால சொல்ல வேணாம். போட்டுப் பாத்துக்கலாம்" என்றார். பாலத்தின் மேலிருந்த ஒன்பது கோணியையும் சிந்திய நெல்லோடு சேர்த்து ஒட்டுமொத்தமாகத் தராசில் ஏற்றச் சொன்னார். தராசு ஆடி, தயங்கி, நின்றது. தொண்ணூற்றொன்பது. கிராம் பிசகவில்லை.

நசுருதீனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. கோணிக்கு ஒரு கிலோ என்று தான் கழித்தது சரி. கழித்தது தப்பு என்று மகள் சொன்னதும் சரி. இரண்டும் ஒரே எண்ணில் நிரூபணமானதில் அவருக்கு உண்டான திருப்தியை அளக்க அந்தத் தராசு போதாது.

அப்போது குரு கையைத் தூக்கினான். எல்லோரும் திரும்பினார்கள். அதுவரை அவன் குரலை யாரும் கேட்டதில்லை.

"பலகையையும்தான சார் பாலம் தூக்குச்சி?"

ராஜாங்கம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு பாலத்துக்கும் ஒரே பலகைதான், கூட்டினாலும் வித்தியாசம் மாறாது என்று விளக்கினார். தெரியும் சார், ஆனால் என் பாலம் தூக்கியதை எழுத வேண்டாமா என்றான் குரு. மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பலகையைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று கிலோ இருநூறு. உடனே மற்ற பிள்ளைகள் எல்லாம் தங்களுக்கும் பலகை வேண்டும் என்று கிளம்பினார்கள். முதல் கல்லிலேயே விழுந்த பாலத்தின் சொந்தக்காரி, ஐந்து கிலோ இப்போது எட்டு கிலோ இருநூறு ஆகிவிட்டதை நான்கு பேரிடம் போய்ச் சொன்னாள். தெருவிளக்குக்காரர்கள் பாட்டரியின் எடையையும் சேர்க்கச் சொன்னார்கள். ராஜாங்கம் இருபத்து மூன்று வரியையும் அடித்துத் திருத்தி எழுதினார். படிவத்தை மதிக்கிறவர் கையில் அந்தப் படிவம் அன்றைக்குப் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. கடைசி வரியில், மாஹிரா, ஏழாம் வகுப்பு, நூற்றிரண்டு கிலோ இருநூறு கிராம் என்று எழுதி, பக்கத்தில் 'கோணி, பலகை உட்பட' என்று சேர்த்து, கையெழுத்துப் போட்டார்.

விழுப்புரத்தில் போட்டி இன்னும் ஒன்பது நாளில்.

அங்கேயும் உடைக்க வேண்டுமா என்று மாஹிரா கேட்டாள். அங்கேயும் அதே படிவம்தான் என்றார் ராஜாங்கம். அவள் உடைந்த துண்டுகளைத் துப்பட்டாவில் அள்ளிக்கொண்டு குட்டியானையின் பின்னால் கோணிகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். வண்டி பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்குள் பாலம் எங்கே விட்டது என்று கண்டுபிடித்துவிட்டாள்: இடதுபக்கம், மூன்றாவது ஒட்டு. அந்த இடத்தில் மட்டும் கிளிப் போதாமல் தலைமுடி கிளிப்பைப் போட்டிருந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகைப் பின்ஜன்னல் வழியாக எட்டித் தட்டினாள்.

"அத்தா, விழுப்புரத்துக்குப் பன்னெண்டு பத்தாது. இருவது கோணி எடுத்துக்குங்க."

நசுருதீன் திரும்பாமலே தலையை ஆட்டினார். கோணி மட்டும் இருபது கிலோ ஆகுமே என்று அவர் சத்தமாக எண்ணியதைக் கேட்டு, மேலே உட்கார்ந்திருந்த வீராசாமி தன் முதுகைத் தடவிக்கொண்டார்.